ஏழு கம்ப்யூட்டரை இணைக்கப் போய் நான் தொலைத்த ஒன்றேகால் லட்சம்

தக்கலையில் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி, வருமான வரி, சின்னக் கடைகளுக்கு மாதக் கணக்கு, இவ்வளவுதான் தொழில். பார்ட்டிகளில் பாதிப் பேர் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர்கள், மீதி முந்திரி ஆலை, செங்கல் சூளை, தொடுவெட்டிப் பக்கம் பலசரக்குக் கடை என்று கலந்து கிடக்கும். ஆரம்பத்தில் ஒரு மெடிக்கல் கடை மாடியில் ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர். இதில் அடித்ததைப் பென்டிரைவில் எடுத்து அதில் போடுவோம், அதற்கு மேல் ஒரு தேவையும் வந்ததில்லை. 2022 மே மாதம் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து அங்கே மாறினோம். என்னையும் சேர்த்து ஏழு பேர், ஏழு கம்ப்யூட்டர். முன்னால் ஒரு ஹால், உள்ளே இரண்டு அறை, முற்றம் தாண்டிப் பின்னால் ஒரு சாய்ப்பு. அந்தச் சாய்ப்பில்தான் பழைய ஃபைல்களும் ஸ்கேனரும் இரண்டு பேர் உட்காரும் மேஜையும். வெள்ளையடிக்க என்ன ஆகும், மின்விசிறி எத்தனை வேண்டும் என்று பத்து நாள் மண்டையைக் குடைந்தவள், இந்த ஏழு கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று எப்படிப் பேசும் என்று பத்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

கம்ப்யூட்டர் வாங்கிய கடையில் இருந்து வந்த தம்பி சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வயர் எதுக்கு அக்கா, இப்பம் எல்லாம் வைஃபைதான். சுவரைக் குடைஞ்சா வீட்டுக்காரரு சத்தம் போடுவாரு" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. 3,200 ரூபாய்க்கு ஒரு ரவுட்டர், ஹாலில் வைத்தாயிற்று. பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். உள்ளறைக்குள் போனாலே சிக்னல் ஒரு கோடு, சாய்ப்பில் சுத்தமாகக் கிடையாது. அதற்கு எக்ஸ்டெண்டர் என்று இரண்டு, சேர்த்து 3,800. அந்தச் சாதனம் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நாங்கள் வாங்கிய வகை ஒரே அலைவரிசையில் கேட்டு அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும், அதனால் வேகம் பாதியாகிவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பாதியிலும் பாதி. போனில் வீடியோ பார்க்க அது போதும். கணக்கு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து பேர் பில் போடுவதற்குப் போதாது.

அந்த ஜூலை மாதம் 19ஆம் தேதி சாயந்திரம் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. இடவப்பாதி மழை ஓய்ந்தும் ஓயாமலும் பெய்துகொண்டிருந்த நேரம். மறுநாள் ஜிஎஸ்டி மாத ரிட்டர்னான 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் டேட்டா முழுக்க என் கம்ப்யூட்டரில் இருந்தது, மற்றவர்கள் வைஃபை வழியாக அந்த ஃபோல்டரைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. கம்ப்யூட்டர்களுக்கு யுபிஎஸ் இருந்தது, ரவுட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இல்லை. சேமித்துக்கொண்டிருந்த பாதியில் இணைப்பு அறுந்து மூன்று பார்ட்டிகளின் கணக்கு திறக்கவே மாட்டேன் என்றது. ரிப்பேர் கொடுத்துப் பார்த்ததில் ஒன்று வந்தது, இரண்டு வரவில்லை. கடைசி பேக்கப் பதினெட்டு நாள் பழையது. இரண்டு பெண் பிள்ளைகள் ராத்திரி ஒன்பதரை வரை உட்கார்ந்து பில் கட்டுகளைப் பிரித்து மறுபடி அடித்தார்கள், மறுநாளும் அதேதான். ஓவர்டைமுக்கும் ஆட்டோவுக்கும் ஐயாயிரம் செலவு. அந்த இரண்டு பார்ட்டிகளின் தாக்கலும் இரண்டு நாள் தாமதம். தாமதக் கட்டணம் நாளுக்கு ஐம்பது ரூபாய், கூடவே கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, நாள் கணக்கில் பார்த்தால் பெரிய தொகை இல்லை, நானே கட்டிவிட்டேன். ஆனால் அதில் ஒருவர், ஆறு வருஷமாக என்னிடம் இருந்த ரப்பர் வியாபாரி, அடுத்த மாதம் வந்து ஃபைலைத் தாருங்கள் என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

டேலியைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை நேரடியாகத் திறந்து எழுதும் எந்த மென்பொருளுக்கும் நடுவில் இணைப்பு அறுந்தால் இந்தக் கதிதான். வைஃபையில் பொதுவாக ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சேனலில் இருந்தால் அதற்காகவும் காத்திருக்க வேண்டும். இணையதளத்தில் ரிட்டர்ன் போடுவது, மெயில் பார்ப்பது மாதிரி வேலைக்கு ஒரு நொடி அறுந்தால் பக்கம் மறுபடி ஏறும், அவ்வளவுதான். அதனால் உங்கள் ஆபீஸில் மூன்று நாலு லேப்டாப் மட்டும் இருந்து, எல்லா வேலையும் பிரவுசரிலேயே நடக்கிறது என்றால் நல்ல வைஃபை ஒன்று போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள், நான் பட்ட பாடு உங்களுக்குத் தேவையில்லை. பொதுவான ஃபைல் ஒன்று ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதைப் பலரும் திறக்கிறார்கள் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

அடுத்துச் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். பயந்து போயிருந்தேனா, எல்லோருடைய டேட்டாவையும் ஒரே இடத்தில் வைக்கும் பெரிய கம்ப்யூட்டரான சர்வர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாகர்கோவிலில் இருந்து வந்த ஒருவர் சொன்னதும் தலையாட்டிவிட்டேன். பயந்திருக்கும்போது வாங்கும் எந்தச் சாமானும் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிதாகத்தான் இருக்கும். 2023 ஜனவரியில் 1,12,000 ரூபாய்க்கு சர்வர் வந்து இறங்கியது. அதற்குத் தனி விண்டோஸ், டொமைன் என்று ஒரு ஏற்பாடு, ஒவ்வொருவருக்கும் சர்வரில்தான் பெயரும் பாஸ்வேர்டும். போட்ட பிறகுதான் தெரிந்தது, என்னிடம் இருந்த ஏழில் நாலு கம்ப்யூட்டர் விண்டோஸ் ஹோம், அவை டொமைனில் சேரவே சேராது, புரோ வகைக்கு மாற்றத் தனியாகப் பணம். அதன் விலையைக் கேட்டதும் வேண்டாம் என்று விட்டேன். ஆக மூன்று கம்ப்யூட்டர் டொமைனுக்கு உள்ளே, நாலு வெளியே. இதில் உச்சம் என்னவென்றால் சர்வருக்குப் போகும் வழி அதே பழைய வைஃபைதான்! கிணற்றை ஆழப்படுத்திவிட்டு ஓட்டை வாளியை மாற்றாமல் விட்ட கதை. வேகம் இம்மிகூடக் கூடவில்லை. சர்வரின் ஃபேன் மட்டும் ஹாலில் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டே இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு பெண் வேலையை விட்டு நின்றாள், புதிதாக வந்தவளுக்கு சர்வரில் கணக்கு திறக்க வேண்டும். அதற்கான அட்மின் பாஸ்வேர்டு அதை அமைத்துக் கொடுத்த பையனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் துபாய்க்குப் போய்விட்டான். நம்ம ஊரில் இது ஆச்சரியமே இல்லை, வேலை தெரிந்த பையன் என்றால் இரண்டு வருஷத்துக்குள் விசா வந்துவிடும். அவன் டூட்டி முடிந்து ரூமுக்கு வந்து போனை எடுக்கும்போது நமக்கு ராத்திரி பதினொன்றரை. பாவம், நல்ல பையன், வாட்ஸாப்பில் கூப்பிட்டு "அக்கா, அந்த நீலக் கலர் ஸ்கிரீன்ல இடது பக்கம் கீழ பாருங்க" என்று பொறுமையாகச் சொன்னான். நான் நைட்டியோடு ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து கொசுக்கடியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யார் எதை அமைத்துக் கொடுத்தாலும் பணம் கொடுக்கும் முன் எல்லா பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, அவர் எதிரிலேயே அதைப் போட்டுத் திறந்து பாருங்கள். ரவுட்டர், சர்வர், கேமரா எல்லாவற்றுக்கும் இதேதான். என்னுடையது இப்போது ஒரு கவரில் ஒட்டி பீரோவில் இருக்கிறது.

பிறகு வயர் போடலாம் என்று முடிவு செய்தேன், அதிலும் சிக்கனம் பார்த்தேன். வீட்டு வயரிங் செய்யும் அண்ணன் ஒருவர் கேபிளும் கூலியும் சேர்த்து 14,500க்கு முடித்துத் தருகிறேன் என்றார். நல்ல உழைப்பாளிதான், ஆனால் கரண்ட் வயர் போகும் அதே பைப்பிலேயே நெட்வொர்க் கேபிளையும் இழுத்துவிட்டார். இது வேகத்துக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து. எங்கேயாவது தோல் உரிந்தால் 230 வோல்ட் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும். சாய்ப்புக்கு முற்றத்தின் மேலாகத் துணி காயப்போடும் கொடி மாதிரி கட்டிவிட்டார். உள்ளே மேஜைக்கு மேஜை, பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் சின்ன நெட்வொர்க் சுவிட்ச் வைத்துச் சங்கிலியாகக் கோத்தார், நடுவில் ஒன்று நின்றால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நிற்கும். இருந்தாலும் வைஃபையோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம் போல இருந்தது, ஐந்து மாதம் நிம்மதியாகத்தான் ஓடியது. அதற்குள் இன்னொன்றும் புரிந்துவிட்டது. வழி சரியானதும், டேட்டாவை சர்வரில் இருந்து எடுத்துப் பழையபடி என் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தோம், வேகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. சர்வர் துணி போர்த்தி மூலையில் நின்றது. பிறகு அதை 35,000க்குத் தள்ளிவிட்டேன்.

2023 ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி இடி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வளாகத்துத் தென்னையில் விழுந்தது, வீடே அதிர்ந்தது, கண்ணை இருட்டிக்கொண்டு ஒரு வினாடி ஒன்றும் தெரியவில்லை. மின்னல் எங்கள் வீட்டில் விழவில்லை, ஆனால் முற்றத்தின் மேல் தொங்கிய அந்தக் கேபிள் அதன் வீச்சை வாங்கி இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. ஹாலில் இருந்த சுவிட்சைத் திறந்தால் கருகிய வாடை. சாய்ப்பில் இரண்டு கம்ப்யூட்டரின் மதர்போர்டு, பிரிண்டரின் நெட்வொர்க் பகுதி எல்லாம் போயிற்று. 19,000 ரூபாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டேன்.

அந்த வாரம் ஒரு மாமா வந்தார். தொலைபேசித் துறையில் கேபிள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் தொடர்பாக வந்த ஒரு வருமான வரி நோட்டீஸைக் காட்ட வந்தார். கருகிய சுவிட்சைப் பார்த்துவிட்டுத் தன் வேலையை மறந்துவிட்டார். மீந்து கிடந்த கேபிள் துண்டு ஒன்றை எடுத்து, மேல் தோலைச் சீவி, உள்ளே இருந்த ஆரஞ்சு நிறக் கம்பியின் நுனியை பிளேடால் மெதுவாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், ஒரு சுரண்டலில் வெள்ளி மாதிரி வெளுத்துவிட்டது. "பாத்தியா மக்களே, இது அலுமினியம். மேல செம்பு பூசியிருக்கு, அவ்வளவுதான்" என்றார். இரண்டு முறை வளைத்தார், ஒடிந்தது. நெட்வொர்க் கேபிளில் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நாலும் வேண்டும். ஒரு கம்பி ஒடிந்தாலும் பல நேரம் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும், நாம் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். எங்கள் உள்ளறையில் இரண்டு கம்ப்யூட்டர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. "உன் டேட்டா எந்தப் பெட்டியில இருக்கு? அதை ஒரே நேரத்துல எத்தனை பேரு தொறப்பாவ? அது போச்சுன்னா உனக்கு எத்தனை நாள் தாங்கும்?" வைஃபையா வயரா, சர்வரா இல்லையா என்று இதுவரை எல்லோரும் விடையில் இருந்து ஆரம்பித்தார்கள், அதுவும் அவரவர் கடையில் இருந்த விடை. இதைக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை, நானும் உட்படத்தான்.

அவர் சொன்னபடி 2024 பொங்கல் விடுமுறையில் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி போட்டோம். சுத்தமான செம்பில் கேட் 6 கேபிள், 305 மீட்டர் பெட்டியாகவே வாங்கினோம். பெட்டி கனத்தாலே பாதி தெரிந்துவிடும், அலுமினியம் லேசாக இருக்கும். கரண்ட் பைப்பை விட்டு விலகித் தனி கேசிங். ஹாலில் ஒரே ஒரு 16 போர்ட் கிகாபிட் சுவிட்ச், ஒவ்வொரு மேஜையில் இருந்தும் தனித்தனி கேபிள் நேராக அதற்குத்தான் வரும். ஒன்று கெட்டால் ஒருவர் மட்டும்தான் நிற்பார். சாய்ப்புக்கு ஒளியில் டேட்டா கொண்டுபோகும் ஃபைபர், இரண்டு பக்கமும் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர், ஜோடி 2,800 ரூபாய். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, இடி விழுந்தால் அந்தந்தக் கட்டடத்தோடு போகட்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள், வெளியில் கட்டும் ஃபைபரிலேயே தாங்குவதற்காக உள்ளே இரும்புக் கம்பி வைத்த வகை உண்டு. அதைக் கட்டினால் பழைய கதைதான், கம்பி இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். டேட்டாவுக்கு என்று ஒரு சாதாரண கம்ப்யூட்டரை ஒதுக்கினோம், அதில் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. ரவுட்டர், சுவிட்ச், இன்டர்நெட் கொடுக்கும் ஃபைபர்காரர்கள் வைத்த பெட்டி, டேட்டா கம்ப்யூட்டர் நாலும் ஒரே யுபிஎஸ்ஸில். பிரிண்டருக்கு ரவுட்டரில் நிரந்தர ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் மாறாத ஒரு எண், கொடுத்தாயிற்று, அதற்கு முன் தினமும் காலையில் பிரிண்டரைக் காணவில்லை என்று ஒரு சத்தம் வரும். வைஃபை இன்னும் இருக்கிறது, போனுக்கும் வந்து உட்காரும் பார்ட்டிகளுக்கும், அதுவும் கெஸ்ட் பாஸ்வேர்டில். எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய். முதலிலேயே இதைச் செய்திருந்தால் இவ்வளவுதான் ஆகியிருக்கும்.

சர்வரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. விண்டோஸ் 10, 11 உள்ள சாதாரணக் கம்ப்யூட்டரில் பகிர்ந்த ஃபோல்டரை ஒரே நேரத்தில் 20 பேர் வரைதான் திறக்க முடியும், அது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் எல்லை. பதினைந்து பேரை நெருங்குகிறீர்கள், இன்னார் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்று கட்டுப்பாடு வேண்டும், ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்றால் டொமைனும் சர்வரும் யோசிக்கலாம், கூடவே அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு ஆள் உண்டா என்றும் யோசியுங்கள். ஏழெட்டுப் பேருக்கு, சர்வர் இல்லாமல் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் ஒர்க்குரூப் போதும். ஆனால் ஒர்க்குரூப் என்பதற்காக ஃபோல்டரைப் பாஸ்வேர்டு இல்லாமல் எல்லோருக்கும் திறந்து போடாதீர்கள். நாங்கள் முதலில் அப்படித்தான் வைத்திருந்தோம், ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினால் மொத்தமும் பூட்டிக்கொள்ளும். அப்புறம், விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் புரோ வகை இருந்தால், பாஸ்வேர்டு இல்லாத ஃபோல்டரைத் திறக்கவும் மறுக்கும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு நெட்வொர்க்கே போய்விட்டது என்று நாங்கள் ஒரு முழு நாள் அலைந்தது அதனால்தான். டேட்டா கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் பெயரும் பாஸ்வேர்டும் வைத்ததும் திறந்துகொண்டது.

பேக்கப் இப்போது தினமும் ராத்திரி தானாக ஒரு டிஸ்கில் ஏறும். வெள்ளிக்கிழமை தோறும் இன்னொரு வெளி டிஸ்கில் எடுத்து, கழற்றி, என் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க் இடிக்கும் வைரஸுக்கும் சேர்ந்தே போகும். மாதம் ஒரு முறை அதில் இருந்து ஒரு பார்ட்டியின் கணக்கை எடுத்துத் திறந்து பார்க்கிறோம். முதல் முறை பார்த்தபோது ஃபோல்டர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

கேபிள் ஒவ்வொன்றின் இரண்டு நுனியிலும் எண் ஒட்டச் சொன்னதும் மாமாதான். எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் கையால் வரைந்து சுவிட்ச் இருக்கும் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். போன மாதம் 11ஆம் தேதி, விற்பனைக் கணக்கைக் காட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர் 1 தாக்கலுக்குக் கடைசி நாள், நான் பார்ட்டி ஒருவரைப் பார்க்கக் குளச்சல் போயிருந்தேன். ஆபீஸில் மொத்த நெட்வொர்க்கும் நின்றுவிட்டது, சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி மின்னுகிறது என்று போன் வந்தது. நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதற்குள் திரும்பவும் போன். "அக்கா, வரண்டாம். பெருக்க வந்த அக்கா தொங்கிக் கிடந்த வயர் நுனியை எடுத்து அதே சுவிட்ச்லயே குத்தி வச்சிட்டாவ. தாளைப் பாத்தேன், ரெண்டு நுனியிலயும் 9ன்னு இருந்துச்சு. புடுங்கிட்டேன், சரியாயிட்டு."